எங்கேஜ் ஆகாத நம்பர்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற சாலையில், வரிசைகட்டி நிற்கும் போர்வெல் வண்டிகளுக்கும் அந்த வண்டிகளின் கம்பிகளில் காயப்போட்ட லுங்கிகளுக்கும் நடுவே, அத்தனூரம்மன் போர்வெல்ஸ் என்று ஒரு ஆபீஸ் இருக்கிறது. அந்த ஆபீஸுக்கு இன்டர்நெட் போன் வந்த மாசத்தில், இத்தனை வருஷமாக அந்த நம்பருக்குக் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போனவர்கள் எல்லோருக்கும், ஒருவர் பின் ஒருவராக, லைன் கிடைத்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். திருச்செங்கோட்டில் யாரும் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற ஊருக்கு, போன் கொஞ்சம் தாமதமாக எடுக்கப்படுவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

இன்டர்நெட் போன் வைக்கலாம் என்று முடிவு செய்தது சின்ன முதலாளி தரணீஷ். அவனுடைய அப்பா காலத்தில் வண்டி இரண்டு, போன் ஒன்று. இப்போது வண்டி ஒன்பது, ஓசூரில் ஒரு கிளை, ஆபீஸில் நாலு பெண்கள், ஆனால் போன் மட்டும் அதே ஒன்று. கூப்பிடுகிறவனுக்கு எங்கேஜ் சத்தம் கேட்டால் அவன் ரோட்டுக்கு எதிரில் இருக்கிற கம்பெனிக்குக் கூப்பிட்டுவிடுகிறான் என்று தரணீஷுக்கு வயிற்றெரிச்சல். கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, பழைய நம்பரை அப்படியே இன்டர்நெட்டுக்கு மாற்றி, ஆளுக்கு ஒரு ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு, "இனிமே உங்க நம்பர் எங்கேஜுன்னே வராது சார். ஒரே நேரத்துல எத்தனை பேர் கூப்பிட்டாலும் எல்லாரும் உள்ள வந்துருவாங்க. வரிசையில நிப்பாங்க, நீங்க ஒவ்வொருத்தரா எடுத்துப் பேசலாம்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். எல்லாரும் என்றால் யார் யார் என்பதுதான் பாவம் அவருக்கே தெரியவில்லை.

முதல் அழைப்பை எடுத்தவள் சுகுணா. நாலு பெண்களில் மூத்தவள், நாற்பத்தைந்து வயது இருக்கும், வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே குரல் உடைந்து கரகரத்துப் போனவள். திரையில் கூப்பிடுகிறவரின் நம்பர் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

"அத்தனூரம்மன் போருங்களா? அப்பாடா! காத்தால இருந்து சுத்திச் சுத்தி வெரலே தேஞ்சு போச்சுங்க. சோளங்காபாளையத்துல இருந்து பேசறேன். தென்னையெல்லாம் மட்டை தொங்கிப்போச்சு. இன்னிக்கே வண்டி வரோணும்."

"லொகேஷனை வாட்ஸப்புல அனுப்பிச்சுருங்க."

"என்னத்தைங்க அனுப்போணும்?"

கிழவருக்கு வாட்ஸப் தெரியாது போலிருக்கிறது என்று சுகுணா வழியைக் கேட்டுக்கொண்டு வண்டியை அனுப்பினாள். வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் தென்னந்தோப்பு இல்லை, குளிர்சாதன வசதியுடன் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் வண்டியில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "கூப்புட்டது நாந்தானுங்க. எம்பையனுக்கு அப்ப அஞ்சு வயசு. நாளெல்லாம் எங்கேஜு. அப்பறம் வேற வண்டி வந்து, சொட்டுத் தண்ணியில்லாம வெறும் புகையாப் போயி, தோப்பையே வித்துப்போட்டேன்" என்றார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பிய வண்டி மண்ணைத் தொடாமல் திரும்பக் கூடாது, திரும்பினால் அடுத்த பாயிண்டெல்லாம் புகைதான் என்று போர்வெல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதனால் மண்டபத்துக்காரரிடம் கேட்டு, கார் நிறுத்துகிற இடத்தில் ராடை இறக்கினார்கள். தண்ணீர் வந்தது. மண்டபத்துக்காரர் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். அந்த முதியவர் மட்டும் சேற்றுத் தண்ணீரில் கையை நனைத்து நனைத்துப் பார்த்தபடி, பொழுது சாயும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு ஆபீஸ் பெண்களுக்குப் பழகிவிட்டது. திரையில் கோடு தெரிந்தால் முதலில் வருஷத்தைக் கேட்டார்கள், "வருஷமா? போர் போடறதுக்கு என்னத்துக்கு அம்மிணி வருஷம்?" என்று மறுமுனையில் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொண்டார்கள். எதிர் கம்பெனிக்காரர்கள் தங்களுக்கும் அதே போன் வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு ஓடினார்கள். அவர்களுக்கு இன்றைய அழைப்புகள் மட்டுமே வந்தன, ஏனென்றால் அவர்களை அந்தக் காலத்தில் யாரும் அவ்வளவாகக் கூப்பிட்டிருக்கவில்லை. போர்வெல் சங்கத்தில் கூட்டம் போட்டு, கூப்பிட்டவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டும், இல்லாவிட்டால் வாரிசைக் கேட்டும் வண்டி அனுப்பலாம் என்று தீர்மானம் செய்து, மிச்சர் காப்பி சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

இதெல்லாம் வார நாள் கதை. ஞாயிற்றுக்கிழமைக் கதைதான் கதை.

செல்போன் இல்லாத காலத்தில் பொங்கல் கழிந்ததும் வண்டிகள் வடக்கே கிளம்பிவிடும். ராய்ப்பூர், ஜபல்பூர், சம்பல்பூர் என்று டிரைவரும் டிரில்லரும் ராடு தூக்குகிற ஆட்களுமாகப் போனால், அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் அங்கே எஸ்டிடி பூத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். இங்கே அவர்களுடைய பெண்டாட்டிகள், தலைக்குக் குளித்து, பூ வைத்து, போனில் முகம் தெரியாது என்று தெரிந்தும் பவுடர் பூசி, முதல் பஸ் பிடித்து இந்த ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பேருக்கும் மேசை மேல் ஒரே ஒரு போன். ஒருத்தி பேசும்போது மற்றவள் புருஷனுக்கு எங்கேஜ். நல்லா இருக்கியா, கொழந்தைக்குக் காய்ச்சல் விட்டுச்சா, மாடு கன்னு போட்டுதா என்று கேட்பதற்குள் பூத்துக்காரன் கத்துவான். லைன் கிடைக்காதவன் அங்கே பீடி பிடித்துக்கொண்டு திரும்பிப் போவான். போன் வராதவள் இங்கே பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுவாள்.

அந்த அழைப்புகள் எல்லாம் இப்போது வரத் தொடங்கின. முதல் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருந்ததால், கறிக்கடை வரிசையில் நின்ற தரணீஷின் செல்போனுக்கே எல்லாம் போயின. "சித்தே ஜோதிமணியைக் கூப்புடுங்க", "பாப்பாத்தி வந்திருக்குதுங்களா" என்று குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்க, அவன் கறி வாங்காமலே வீட்டுக்கு வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைத் திறந்து வைத்தார்கள். மூட்டு வலியோடும் சர்க்கரை மாத்திரையோடும், மருமகள் ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட, பூ வைத்துக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு, அந்தப் பெண்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

ஜோதிமணியின் புருஷன் அர்த்தநாரி உயிரோடு, வீட்டில், வெற்றிலை இடித்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தும் அந்தக் கால அர்த்தநாரி ராய்ப்பூரிலிருந்து கூப்பிட்டு, "ஜோதி, தூக்கமே வரமாட்டேங்குது புள்ள. இந்தத் தடவ வந்ததும் உன்னை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னதில் ஜோதிமணிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த இந்தக் கால அர்த்தநாரிக்குப் பொறுக்கவில்லை.

"அவன் பேச்சை நம்பாத! அவன் அப்புடித்தான் பேசுவான். வந்து ஒண்ணும் பண்ண மாட்டான். எனக்குத் தெரியாதா அவனை?"

அந்த ரோஷத்தில் மறுவாரமே அவளை ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலைப்பாதையில் அவருக்கு வாந்தி, அவளுக்குக் குளிர், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணி பட்டுச்சேலையில் போனுக்கு வந்து உட்கார்ந்தாள்.

வளர்மதியின் புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்பு வண்டியிலிருந்து விழுந்து செத்துப்போனவன். அவன் கூப்பிட்டு, பாப்பா பேச ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டான். பாப்பா பெங்களூரில் இன்ஜினியர். "பேசறா. அப்பான்னுதான் மொதல்ல சொன்னா" என்று வளர்மதி சொன்னாள், அவன் சிரித்தான், லைன் அறுந்தது. பாப்பாத்தி மட்டும் தன் புருஷனிடம் பின்னால் நடக்கப்போவதை எல்லாம் சொல்லி எச்சரித்துப் பார்த்தாள். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்து அவன் பூத்தில் நின்று ஓவென்று அழுததுதான் மிச்சம். நடந்தது எதுவும் மாறவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், பின்கதை சொல்லி அந்த இளவட்டங்களை நோகடிக்கக் கூடாது.

சுகுணா இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் போனை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பெயரைக் கேட்காமல் முதலில் குரலைக் கேட்டாள். ஏனென்றால் அவளும் ஒரு காலத்தில் பூ வைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தவள்தான்.

அவள் புருஷன் கந்தவேல், டிரில்லர். கல்யாணமான இரண்டாம் வருஷம் வண்டியோடு வடக்கே போனவன், சம்பல்பூர் பக்கம் ஒரு நாள் டீசல் வாங்கி வருகிறேன் என்று கேனை எடுத்துக்கொண்டு கிளம்பி, கேனும் வரவில்லை, அவனும் வரவில்லை. லாரி அடித்துவிட்டது என்றார்கள், எவளோ மடக்கிக்கொண்டாள் என்றார்கள், சாமியாராகிவிட்டான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அவளுடைய அண்ணன் போய்த் தேடிவிட்டு வந்து, செத்துட்டான்னு நெனச்சுக்க என்று சொன்னான், வேறு மாப்பிள்ளையும் பார்த்தான். அவள் பொட்டை அழிக்கவும் இல்லை, கல்யாணத்துக்குச் சம்மதிக்கவும் இல்லை. அவன் சாவதும் ஓடிப்போவதும்கூட அவளுக்கு இரண்டாம்பட்சம். ஒரு போன், ஒரே ஒரு போன், பண்ணினானா இல்லையா என்பதுதான் அவளை அரித்தது. அவன் கூப்பிட்டு, லைன் கிடைக்காமல் போயிருந்தால் அது ஒரு வாழ்க்கை. கூப்பிடவே இல்லை என்றால் அது வேறு வாழ்க்கை. இரண்டில் எதை வாழ்கிறோம் என்று தெரியாமலே, போன் இருக்கிற இடத்தில் இருந்துவிடலாம் என்று பெரிய முதலாளியிடம் வேலை கேட்டுச் சேர்ந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து விட்டாள். அவன் காணாமல் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணி ஒரு கம்மல் சண்டைக்காக நெடுநேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்ததை மட்டும் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஜோதிமணிக்கு அது தெரியாது.

எங்கேஜில் போனவர்கள் எல்லோரும் வருகிறார்கள் என்றால், கந்தவேல் கூப்பிட்டிருந்தால் அவனும் வருவான். வராவிட்டால், கூப்பிடவில்லை. இப்படி ஒரு தீர்ப்பு தலைக்கு மேலே தொங்கும்போது எவளால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியும்? ஆபீஸ் போனைத் தன் செல்லிலும் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அதைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள், மலைக்குப் போய் அர்த்தநாரீசுவரர் சன்னதியில் தீபாராதனை நேரத்தில் கையில் பிடித்தபடி நின்றாள், சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போன இடத்தில் ஒப்பாரிக்கு நடுவே எழுந்துபோய், "அத்தனூரம்மன் போருங்க, சொல்லுங்க" என்றாள். சார்ஜ் இறங்கிவிடும் என்று பயந்து, பஸ்ஸில் ஒயரைச் செருக வசதியாக டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வருகிற அழைப்பை யார் சும்மா இருக்கிறாரோ அவருக்குத் தள்ளிவிடுவது அந்த போனின் சுபாவம்; அவன் குரலைப் புதுப்பெண் பவித்ரா எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிட்டால்? மூன்று பெண்களிடமும் தினம் காலையில், "கந்தவேல்னு யாரு பேசினாலும் வெச்சுராதீங்க கண்ணுகளா, எங்கிட்டக் குடுங்க" என்று சொன்னாள், மத்தியானம் ஒருமுறை சொன்னாள், போகும்போதும் சொன்னாள்.

அப்புறம் இன்னொரு கிலி பிடித்தது. போனை யாரும் எடுப்பதற்கு முன்னால் சென்னையில் பதிவு செய்த ஒரு பெண் குரல், புதிய போர்வெல்லுக்கு ஒன்றை அழுத்தவும், சர்வீஸுக்கு இரண்டை அழுத்தவும் என்று தேனொழுகப் பேசும். பழைய ஆட்களுக்கு அது பிடிபடவில்லை. சிலர் அவளோடு பதிலுக்குப் பேசினார்கள், சிலர் திட்டினார்கள், பாதிப் பேர் வேறு எங்கோ போய்விட்டது என்று வைத்துவிட்டார்கள்.

"தம்பி, அந்தப் பொண்ணை எடுத்துருங்க" என்று சுகுணா தரணீஷிடம் போய் நின்றாள்.

"அக்கா, அதுதான் பெரிய கம்பெனின்னு காட்டும்."

"ஞாயித்துக்கெழமை மட்டுமாச்சும் எடுத்துருங்க. அவரு ரோஷக்காரரு. வேற பொம்பளை குரல் கேட்டா வெச்சுருவாரு."

"வெச்சிருந்தா?"

அவன் கேட்டது சாதாரணமாகத்தான். சுகுணா அதை இதுவரை யோசித்திருக்கவில்லை. முதல் வாரத்திலேயே வந்து, அந்தச் சென்னைப் பெண்ணிடம் பேசிவிட்டுப் போயிருந்தால்? அவள் முகத்தைப் பார்த்த தரணீஷ், அங்கேயே கம்ப்யூட்டரைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலை நிறுத்தி வைத்தான். நல்ல பையன்தான். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கு போர் போட நினைக்கிறவன் வரிசையில் பதினைந்தாவது ஆளாக, அந்தக் கால விவசாயிகளுக்குப் பின்னால் நின்று சலித்து, எதிர் கம்பெனிக்கே போய்க்கொண்டிருந்தான். மாசக் கடைசியில் தரணீஷ் ஒரு முடிவோடு வந்தான்.

"புது நம்பர் வாங்கியாச்சுக்கா. வண்டியில எல்லாம் எழுத ஆளு வருது. பழைய நம்பரை ஞாயித்துக்கெழமையோட சரண்டர் பண்றேன்."

"இன்னும் ஒரு மாசம் உடுங்க தம்பி."

"அதுக்கப்பறம் இன்னொரு மாசம் கேப்பீங்க. நீங்க இப்படி உக்காந்திருக்கறதை என்னாலயே பாக்க முடியலக்கா. வராததை எத்தனை நாளைக்கு?"

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சரிங்க தம்பி என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாப்பாத்தி முறுக்கு கொண்டுவந்தாள், வளர்மதி பெங்களூர் மகளையே கொண்டுவந்தாள். விடிந்ததிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெட்போன் கைமாறிக் கைமாறி, சிரிப்பும் மூக்குச் சிந்தலுமாக, பேச வேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். அந்தக் கால அர்த்தநாரி ஊட்டிக்கு ஸ்வெட்டர் எடுத்து வை என்றார். ஜோதிமணி, எடுத்து வெச்சுட்டேனுங்க மாமா என்றாள். இந்தக் கால அர்த்தநாரி எழுந்து வெளியே போனார். மத்தியான வெயில் ஏறியபோது அழைப்புகள் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றன. ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். ஜோதிமணி மட்டும் போகாமல், சுகுணாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊட்டுக்குப் போங்கக்கா. மாமா பசியில இருப்பாரு."

"இருந்தா இருக்கட்டும்" என்றாள் ஜோதிமணி.

சுகுணா எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், குடித்த தம்ளரைக் கழுவினாள், மறுபடி குடித்தாள். அப்போது மணி அடித்தது. திரையில் கோடு.

"அத்தனூரம்மன் போருங்களா?"

பேச்சுக்கு முன்னால் வருகிற அந்த மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமாங்" என்றாள். அவளுடைய கரகரத்த குரல் இன்னும் கரகரத்து வந்தது.

"அப்பாடா! எத்தன ஞாயித்துக்கெழமையாச் சுத்தறேனுங்க்கா. எப்பப் பாரு எங்கேஜு, எப்பப் பாரு எங்கேஜு. மத்தியானத்துக்கு மேல சுத்தினாலும் எங்கேஜு."

அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மேல் மற்ற பெண்கள் யாரும் இருந்ததில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு சுகுணா ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். போன் செத்துக்கித்துப் போய்விட்டதோ என்று ரிசீவரை எடுத்து எடுத்துக் காதில் வைத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ரிசீவர் அவள் காதில் இருந்த நேரமெல்லாம் கூப்பிடுகிறவனுக்கு எங்கேஜ். இப்போது ஜோதிமணி எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுணாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அங்க சுகுணான்னு ஒரு பொண்ணு வந்திருக்கும். கந்தவேல் சம்சாரம். சித்தே கூப்புடுறீங்களா?"

நாந்தானுங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வேண்டாம், வேண்டாமுங்க்கா. கூப்புடாதீங்க" என்றான் அவன். "நல்லவேளை நீங்க எடுத்தீங்க. அவகிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. நீங்களே சொல்லிருங்க. நான் இனிமே ஊருக்கு வரலீங்க. இங்க ஒரு பொண்ணு, மாசமா இருக்கறா. உட்டுட்டு வந்தா அவ ஆத்துல விழுந்துருவா. சுகுணாவை எனக்காகக் காத்துட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க. இருபத்தி நாலு வயசுதான் ஆகுது அவளுக்கு. அவங்கண்ணன் வேற எடம் பாப்பாரு. நல்லாருக்கட்டும்."

அவனிடம் பேசுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சமா? கெஞ்ச வேண்டியது தனியாக, திட்ட வேண்டியது தனியாக, மண்ணை வாரித் தூற்ற வேண்டியது தனியாக வைத்திருந்தாள். ஆனால் மறுமுனையில் இருந்தவன் அவளைவிட எவ்வளவோ சின்னவன், பூத்துக்குள் நின்று பயத்தில் வேர்த்துக்கொண்டிருக்கிற ஒரு பையன். அவன் மேல் அவளுக்குக் கொலைவெறி வந்தது, அவன் முகத்தைத் துடைத்துவிட வேண்டும் போலவும் இருந்தது.

"இதை ஒரு லெட்டர்ல எழுதிப் போட்டிருக்கலாமல்லங்க தம்பி?"

"எழுதினேனுங்க்கா. கிழிச்சுட்டேன். லெட்டர்னா அவ விடமாட்டா. எடுத்து எடுத்துப் படிச்சுட்டே கெடப்பா, எத்தன வருஷமானாலும். வாயில சொன்னா ஒருநாள் அழுதுட்டு எந்திரிச்சுருவா."

அவளை அவன் அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தான். அதுதான் அவளைக் குத்தியது.

"அழுவாளாங்க்கா ரொம்ப?"

"அழுவா" என்றாள் சுகுணா. "அப்பறம் சரியாயிருவா."

"இன்னிக்கே சொல்லிருவீங்களா? நாளைக்கு, மறுநாளுன்னு போட்டுராதீங்க. அவ வயசு போயிரும்."

"சொல்லிடறேன் தம்பி."

"மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன். நீங்க வைங்க. அந்தப் புள்ளையை நல்லாப் பாத்துக்குங்க."

லைன் அறுந்தது. சுகுணா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். காதோரம் முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டிருக்கிறான், பல ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறான், விட்டுவிடச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி, வண்டிகள் நிற்கிற வெயிலில் இறங்கி நடந்தாள். ஜோதிமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

"ஏம் புள்ள, அவருதானா? என்ன சொன்னாரு?"

"சுகுணாவைக் காத்துட்டு இருக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. இன்னிக்கே சொல்லோணுமாம்."

ஜோதிமணி விடவில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டு, அவள் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேதானுங்கக்கா இருக்கேன்" என்றாள் சுகுணா, நடையை நிறுத்தாமல். "கேக்க மாட்டேங்கறா."